ஐந்தாம் பொத்தான்

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு போடுவதுதான் வேலை. அவர் முகத்தைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். எங்கள் கல்யாணப் படத்தில் நான் பல்லெல்லாம் தெரிய நிற்கிறேன். பக்கத்தில் அவர், புதுச் செருப்பை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி நிற்கிறார். படம் எடுத்தவர் கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் "சரி, மாப்பிள்ளை இப்படித்தான்னு எழுதியிருக்கு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சி பார்க்கிறீர்கள். ஒருவன் வழுக்கி விழுகிறான், கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. அந்தக் "கொல்" என் வீட்டுக்காரருடையது. கூட்டம் என்று ஒரு இருபது முப்பது பேரைக் கூலி கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். முதலில் ஒலிபெருக்கி சிரித்தால்தான் அவர்களும் சிரிப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால், ஐஸ் பெட்டி மாதிரி குளிர்கிற ஒரு சின்ன அறையில், பழுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு இவர் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு பலகை. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சிரிப்பு. முதலாவது உதட்டோரச் சிரிப்பு. இரண்டாவது பெண்கள் கூடிச் சிரிப்பது. மூன்றாவது வயிறு குலுங்குவது. நான்காவது கைதட்டலோடு வருவது. ஐந்தாவதற்கு வெடி என்று பெயர். அது ஒன்றுதான் அந்தப் பலகையில் நிஜம். மற்றதெல்லாம் கூலிச் சிரிப்பு.

அலுவலகத்தில் இவருக்குச் சிரிப்பு மெக்கானிக் என்று பட்டப்பெயர். பேருந்தில் பின்சீட்டில் யாராவது சிரித்தால் இவர் தலை திரும்பாது, காது மட்டும் திரும்பும். "இது மூணாவது" என்பார் என்னிடம். அன்பாக நாலு வார்த்தை பேசியதைவிட இந்த எண்களைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

சபையிலும் அப்படித்தான். ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் ஒலிப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். வர முடியாமல் படுக்கையில் கிடக்கிறவர்களுக்காக ஆராதனையைப் பதிவு செய்து கொடுப்பது அவர் ஊழியம். "ஆண்டவர் செஞ்சதச் சாட்சி சொல்ல ஆசைப்படுறவங்க எழுந்திருங்க" என்று போதகர் கூப்பிட்டால் இவர் உடனே குனிந்து ஒயரைச் சரிபார்ப்பார். ஒயரில் ஒரு கோளாறும் இருக்காது. குனிந்துகொண்டே விசுவாசியாக இருக்கிற மனிதர். இதற்காக நான் அவரைத் திட்டாத ஞாயிறு கிடையாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குடிநீர் அலுவலகத்தில் புகார் பிரிவில் நாள் முழுக்கத் தொலைபேசியில் திட்டு வாங்குகிறவள் நான். வாங்கியதை எங்காவது இறக்கி வைக்க வேண்டாமா?

அந்த ஐந்தாவது பொத்தானைப் பற்றிச் சொல்கிறேன். அதில் இருப்பது எங்கள் சபை. இவருடைய அக்கா, எனக்கு அண்ணி, சபையில் கீபோர்டு வாசித்தவர். தப்பாக வாசித்துவிட்டால் தானே சிரித்துவிட்டு மறுபடி தொடங்குவார். நின்றுபோன குழாயில் தண்ணீர் வரும்போது முதலில் காற்று செருமுமே, அப்படித்தான் அவர் சிரிப்பு தொடங்கும். பிறகு பக்கத்தில் இருக்கிற யாரும் தப்ப முடியாது. அவருக்கு நோய் முற்றிய வருஷம், ஒரு ஞாயிறு, ஜெபத்தின் முடிவில் சபை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. எதற்கு என்று பிறகு சொல்கிறேன். முதலில் சிரித்தது அண்ணி. இவர் வழக்கம்போலப் பதிவு செய்துகொண்டிருந்தார். சில மாதங்களில் அண்ணி போய்விட்டார். இவர் அழவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போய் அலுவலகப் பலகையில் ஐந்தாவது பொத்தானில் வைத்துவிட்டார். தினமும் வேலைக்குப் போனால் அக்காவைக் கேட்கலாம் அல்லவா? அதற்கு ஒரு கட்டுப்பாடும் வைத்திருந்தார். நொண்டியைக் கேலி செய்கிற ஜோக்குக்கு, குடிகாரன் பெண்டாட்டியை அடிக்கிற ஜோக்குக்கு ஐந்து கிடையாது. அக்கா எதற்குச் சிரிப்பாளோ அதற்கு மட்டும்தான்.

இத்தனையும் எனக்குத் தெரியாது, அந்த நிகழ்ச்சியை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அவர் செய்த தப்பு இதுதான். சொந்த அக்காவைக் கொண்டுபோய்ப் பொதுச் சொத்தில் வைத்தார், பொத்தானைத் தன் விரல் மட்டும்தான் தொடும் என்று நினைத்தார்.

அந்தச் சமயம் அவர்கள் நிகழ்ச்சியில் "ஜெப சேவை மையம்" என்று ஒரு நகைச்சுவைத் துண்டு வந்தது. நிகழ்ச்சி நடத்துகிறவனை ஊரே பட்டாசு என்றுதான் கூப்பிடும். அவன் தலையில் முக்காடு போட்டுப் பெண் வேஷத்தில் முழங்காலில் நிற்கிறான். மேலேயிருந்து ஒரு குரல்: "வியாதிக்கு ஒன்றை அழுத்தவும். கடனுக்கு இரண்டை அழுத்தவும். உங்கள் ஜெபம் எங்களுக்கு முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும்." அப்புறம் ஒரே வாத்திய இசை. பட்டாசு முழங்காலில் நின்றபடியே தூங்கி விழுகிறான்.

பொய் சொல்லக் கூடாது, எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாக்கியத்தை நானே தினமும் எத்தனை தடவை சொல்கிறேன்! ஆனால் அவன் தூங்கி விழுந்த இடத்தில் ஒலிபெருக்கியில் ஒரு செருமல் கேட்டது. காற்று வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. என் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றுவிட்டது. செத்துப்போன அண்ணி, முழங்காலில் நிற்கிற ஒருத்தியைப் பார்த்துக் கெக்கலிக்கிறார்.

எங்கள் மகள் அதற்கு முன்பே அதைப் பார்த்திருந்தாள். கல்லூரியில் முதல் வருஷம். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அவள் ஜெபிக்கத் தலை குனிந்தால் போதும், "உங்கள் ஜெபம் எங்களுக்கு முக்கியமானது" என்று நாலு பக்கமும் குரல் வருமாம். குனிவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் மாலை ஜெபத்துக்கு நாங்கள் முழங்காலிட்டால் அவள் வாசற்படியில் போனோடு உட்கார்ந்துவிடுவாள். நான் அதைப் பார்த்த அன்று இரவு, சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"சாப்பிட்டதும் வந்து முழங்கால் போடு. இது சிரிக்கிற விஷயமா?"

"அப்பா சிரிக்கிறதுக்குத்தானேம்மா சம்பளம் வாங்குறாரு? நான் சிரிச்சா மட்டும் பாவமா?"

இவர் சோற்றுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை.

"கேக்குறா இல்ல, பதில் சொல்லுங்க. அது அண்ணி சிரிப்புதானே? உங்க அக்காவையே ஜெபத்தப் பாத்து சிரிக்க வச்சிட்டீங்களே, நீங்க மனுஷனா?"

"நான் அஞ்சு போடல" என்றார். "ஒண்ணும் ரெண்டும்தான் போட்டேன். சிரிப்பு பத்தலன்னு நான் வீட்டுக்கு வந்தப்புறம் வேற ஆள விட்டு மாத்திட்டாங்க."

"ஒண்ணும் ரெண்டும் போட்டீங்க இல்ல?" என்றாள் மகள்.

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவர் அதற்குமேல் சாப்பிடவில்லை. என் மகள் அன்று விட்டது ஜெபத்தை மட்டுமல்ல, அப்பாவையும் சேர்த்துத்தான் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் அவர் தயாரிப்பாளரிடம் போய் அந்தச் சிரிப்பை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். "அது நம்ம நிகழ்ச்சியோட முத்திரைய்யா. அத எடுத்தா ஜனங்க கேப்பாங்க" என்று சொல்லிவிட்டாராம். அதற்குள் அந்தத் துண்டு எல்லார் போனிலும் ஓட, சபைகளிலிருந்து கண்டனம் கிளம்ப, தொலைக்காட்சி நிலையத்துக்குக் கொண்டாட்டம். ஒரு நேரடி ஒளிபரப்பு அறிவித்தார்கள். பட்டாசு ஒரு பக்கம், ஒரு விசுவாசி ஒரு பக்கம். ஜெபம் கேட்கப்படுகிறதா இல்லையா? எங்கள் சபைக்கு அழைப்பு வந்தது.

போதகர் பயந்துவிட்டார். வயதானவர், பிரசங்கபீடத்தில் சிங்கம், கேமரா வெளிச்சத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சபைச் செயலாளர் போகத் தயாராக இருந்தார். ஆனால் அவர் பேசத் தொடங்கினால் ஆராதனை முடிந்து அடுத்த ஆராதனையும் தொடங்கிவிடும். கடைசியில் எல்லார் கண்ணும் என் மேல் விழுந்தது. வாய் நீளம் என்று என்னை ஒதுக்கி வைத்த அதே ஆட்கள், "அம்மா, உங்களுக்குத்தான் பேச்சுத் திறமை" என்றார்கள். செயலாளர் ஒரு கட்டுத் தாளைக் கையில் திணித்தார். கேள்விகளும் பதில்களும். வரலாறு என்ன சொல்கிறது, விஞ்ஞானம் என்ன சொல்கிறது, எல்லாம் எண் போட்டிருந்தது. குழம்பு தாளிக்கும்போதுகூட அதை ஒப்பித்தேன்.

எனக்குப் பயம் பட்டாசைப் பற்றி இல்லை. அவனைப் போல எத்தனை பேரைத் தொலைபேசியில் பார்த்தாயிற்று. பயமெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கப் போகிற ஆளைப் பற்றி. புறப்படுவதற்கு முன்பு கேட்டேவிட்டேன்.

"நான் பேசுறப்ப சிரிப்பு போடுவீங்களா?"

"போடச் சொல்லுவாங்க."

"லீவு போடுங்க."

"நான் லீவு போட்டா வேற ஒருத்தன் அமுக்குவான். அவனுக்கு அஞ்சும் ஒண்ணுதான், ஒண்ணும் ஒண்ணுதான்."

"நான் உங்க பொண்டாட்டின்னு அங்க சொல்லிட்டீங்களா?"

"சொன்னா என்னய அந்த ரூமுக்குள்ள விடமாட்டாங்க."

"அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?"

அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். சபையில் ஒயரைச் சரிபார்க்கிற அதே குனிதல். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வீட்ல இருந்து பொண்ணு பாப்பா. ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். பேருந்தில் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து போனோம்.

அரங்கத்தில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. முகத்தில் என்னவோ பூசினார்கள், எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. எதிரே கூலிக் கூட்டம். ஒருத்தி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். பட்டாசு வந்தான். நேரில் பார்த்தால் சின்னப் பையன், மரியாதையாக "வணக்கம்மா, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டான். எனக்கு அவன்மேல் வெறுப்பு வரவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் உயரத்தில் அந்தக் கண்ணாடி. உள்ளே இருட்டு. ஆனால் பழுப்புச் சால்வையை எனக்குத் தெரியாதா, துவைத்துக் காயப்போடுகிறவள் நான்தானே?

முதலில் அந்தத் துண்டையே போட்டுக் காட்டினார்கள். அரங்கத்தின் பெரிய ஒலிபெருக்கிகளில் அண்ணி என் தலைக்கு மேலே செருமிச் சிரித்தார். அவ்வளவுதான், செயலாளரின் தாள்கள் முழுவதும் மூளையிலிருந்து கழுவிக்கொண்டு போய்விட்டன. ஒரு எண்கூட மிச்சமில்லை.

"அம்மா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று தொடங்கினான் பட்டாசு.

"குடிநீர் ஆபீஸ்ல. புகார் பிரிவு."

"அட! அப்ப நீங்களும் காத்திருக்கவும்னுதான் சொல்லுவீங்க!"

மூன்றாவது பொத்தான் விழுந்தது. வயிறு குலுங்கும் சிரிப்பு. கூட்டமும் சேர்ந்துகொண்டது. என் காது சூடானது. அந்த விரலை எனக்குத் தெரியும். என் மகள் பிறந்தபோது முதலில் அவள் பிடித்துக்கொண்ட விரல் அது.

"தண்ணி வந்திருச்சுன்னு சொல்ல யாரும் போன் பண்ணமாட்டாங்க தம்பி. வரலன்னாதான் பண்ணுவாங்க" என்றேன். சாமர்த்தியமான பதில் என்று நினைத்தேன்.

"அப்ப கடவுளுக்கும் உங்க ஆபீஸ் கதிதான்!"

இரண்டாவது பொத்தான். பெண்கள் சிரித்தார்கள். பட்டாசு கேட்டுக்கொண்டே போனான். நான் ஒன்று சொன்னால் அவன் ஒன்று சொன்னான், அவன் சொன்ன ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு விழுந்தது. என் வாய் நீளமெல்லாம் எங்கே போனதோ! வீட்டில் வாசற்படியில் உட்கார்ந்து மகள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரியும், உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது பட்டாசு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "உண்மையச் சொல்லுங்கம்மா. கடவுள்கிட்ட உருகி உருகிக் கேட்டு, கிடைக்காமப் போனது ஏதாவது உண்டா?"

இந்தக் கேள்விக்குச் செயலாளரிடம் நீளமான பதில் இருந்தது. ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. "உண்டு" என்றேன்.

பட்டாசு என் பக்கம் சாய்ந்தான்.

"என் வீட்டுக்காரரோட அக்கா. புத்துநோய். சபை மொத்தமும் முழங்கால்ல நின்னு கேட்டோம். சுகம் தாங்கன்னு கேட்டோம். கிடைக்கல. செத்துப்போனாங்க."

பட்டாசு ஒரு நொடி தயங்கினான். அவனுக்கும் மனசு இருக்கிறது. ஆனால் காதுக்குள் யாரோ அவசரப்படுத்தியிருக்க வேண்டும். "அப்ப லைன் பிஸியா இருந்திருக்கும்மா. மறுபடி முயற்சி பண்ணியிருக்கணும்!" என்று கையை விரித்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வருகிறது, இப்போது வருகிறது. அண்ணியின் சாவைப் பார்த்து அண்ணியே சிரிக்கப் போகிறார்.

ஒன்றும் வரவில்லை.

கண்ணைத் திறந்தேன். பட்டாசு விரித்த கையோடு அப்படியே நின்றான். கூலிக் கூட்டம் ஒலிபெருக்கியைப் பார்த்தது. அது சிரிக்கவில்லையே, நாம் சிரிக்கலாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பட்டாசு அதையே இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் சொன்னான். அமைதி. யாரோ இருமினார்கள். நான் கண்ணாடியைப் பார்த்தேன். சால்வை நழுவிக் கிடக்க, என் வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் தூக்கித் தலைமேல் வைத்திருந்தார். போலீஸ்காரர் முன்னால் நிற்கிறவரைப் போல. நான் பார்ப்பதற்காகத்தான் அப்படி வைத்திருந்தார். "அஞ்சப் போடுய்யா, அஞ்சு!" என்று தயாரிப்பாளர் அவர் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தார் என்பதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

அவர் கையைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. வாயும் வந்தது.

"நான் இன்னும் முடிக்கல தம்பி" என்றேன். "அந்த ஜெபத்தப் பத்திச் சொல்றேன். எங்க போதகர் வயசானவரு. அண்ணிய முன்னால நாற்காலியில உக்கார வச்சிட்டு, அவங்க காலடியில முழங்கால் போட்டாரு. போட்டவரு எழுந்திருக்கல. அழுறாரு, கேக்குறாரு, மறுபடி அழுறாரு. நாங்களும் முழங்கால்ல. சின்னப் பிள்ளைங்க தூங்கிருச்சு. ஒருவழியா ஆமென் சொன்னாரு. சொல்லிட்டு எழுந்திருக்கப் பாத்தா, கால் மரத்துப் போச்சு. இந்தப் பக்கம் சாயுறாரு, அந்தப் பக்கம் சாயுறாரு. தூக்கிவிட யாருமே வரல. ஏன்னா எங்க எல்லாருக்குமே கால் மரத்துப் போச்சு."

கூட்டத்தில் கொட்டாவி விட்ட பெண் லேசாகச் சிரித்தாள். அவளுக்கு யாரும் முதலில் சிரித்துக் காட்டவில்லை.

"அப்ப அந்தச் சபையில கால் நல்லாயிருந்தது ஒரே ஆளுக்குத்தான். நாற்காலியில உக்காந்திருந்த நோயாளிக்கு. அவங்க எழுந்தாங்க. எலும்பும் தோலுமா இருந்தாங்க. போதகர் கையப் பிடிச்சித் தூக்கி நிறுத்திட்டுச் சொன்னாங்க, ஐயா, எனக்காகக் கேட்டது உங்களுக்குக் கிடைக்கட்டும், எழுந்திருங்கன்னு. சொல்லிட்டு..."

அந்த இடத்தில் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன். அதற்குமேல் சொல்ல முடியவில்லை. நான் நிறுத்திய அந்த இடைவெளியில், ஒலிபெருக்கியில் ஒரு செருமல் கேட்டது.

காற்று வந்தது. பிறகு தண்ணீர் வந்தது. அண்ணி சிரித்தார், அவர் பின்னால் போதகர், செயலாளர், நான், சபை மொத்தமும். வெட்டாமல், கத்தரிக்காமல், முழுச் சிரிப்பையும் ஓடவிட்டார் என் வீட்டுக்காரர். கூலிக்கு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பட்டாசும் சிரித்துவிட்டான், நிஜமாக, தொடையைத் தட்டிக்கொண்டு.

"இப்ப சிரிச்சாங்களே, முதல்ல செருமிட்டு, அவங்கதான் என் அண்ணி" என்றேன்.

பட்டாசு தொடையில் வைத்த கையை எடுக்கவில்லை.

"அது அன்னைக்கு அந்தச் சபையில பதிவானது. உங்க துண்டுல கடைசியா வர்ற சிரிப்பும் அதுதான். கேட்டது ஏன் கிடைக்கலன்னு எனக்குத் தெரியாது தம்பி. தெரியும்னு சொன்னா அது பொய். ஆனா கிடைக்காதுன்னு டாக்டர் சொன்னப்புறமும் முழங்கால் போட்டோம், அந்த முழங்கால்லயேதான் சிரிச்சோம். எங்களுக்குச் சிரிக்கத் தெரியாதுன்னு நினைச்சிட்டீங்க. உங்ககிட்ட இருக்குற நல்ல சிரிப்பே எங்களோடதுதான்."

விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது என் நாற்காலியில் வேறு ஏதோ பாட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

நடைவழியில் தயாரிப்பாளர் மூச்சிரைக்க நின்றார். என் வீட்டுக்காரர் ஒரு கையில் சால்வை, ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வந்தார். "யாரைக் கேட்டுய்யா பண்ணுன? யாரு இந்தப் பொம்பள?" என்று தயாரிப்பாளர் கத்த, சுற்றி நின்ற ஒளிப்பதிவாளர்கள், ஒப்பனைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் குனிவார், தூக்கின் மூடியைச் சரிசெய்வார் என்று எதிர்பார்த்தேன். நேராகத்தான் நின்றார்.

"அது என் அக்கா சார். இவங்க என் சம்சாரம். நான் அந்தச் சபைக்காரன்" என்றார்.

அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் சாட்சி அது. அதோடு வேலையும் போய்விட்டது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொன்னால் நான் புளுகுணி. அடுத்த நாளே என் முகத்தை வெட்டி ஒட்டி, "காத்திருக்கவும்" என்று கீழே எழுதிப் போன்களில் சுற்றவிட்டார்கள். அலுவலகத்தில் அதை எனக்கே அனுப்பினார்கள். செயலாளர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் எழுதிக் கொடுத்த பதிலில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லையாம். போதகர் மட்டும், "என் முழங்காலை உலகத்துக்கே காட்டிட்டியேம்மா" என்று சொல்லிச் சிரித்தார். அண்ணியின் சிரிப்பு இன்னும் நிலையத்தில்தான் இருக்கிறது. அவர்கள் சொத்தாம். வாரா வாரம் எங்கள் அண்ணி எதையெதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். இவர் இப்போது ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறார். சம்பளம் பாதி. குளிர் அறை இல்லாததால் சால்வை மட்டும் மிச்சம்.

மகள் என்ன சொன்னாள் என்று கேட்பீர்கள். அன்று நாங்கள் வீடு திரும்பியபோது கதவைத் திறந்தாள், அப்பா கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். மாலை ஜெபத்தில் அதே வாசற்படியில்தான் உட்கார்ந்தாள். போனை மட்டும் மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் வாயை அடக்கிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஆண்டவருக்குத் தெரியும்.

அப்படியே கொஞ்ச நாள் போனது. ஒரு மாலை, வழக்கம்போல நான் ஜெபம் செய்து முடித்தேன். எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் இவர் வாயைத் திறந்தார். கல்யாணமான நாளிலிருந்து இவர் சத்தமாக ஜெபித்து நான் கேட்டதில்லை. திக்கித் திக்கிப் பேசினார். ஒன்றும் இரண்டும் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். அக்காவைப் பொத்தானில் பூட்டி வைத்ததற்குக் கேட்டார். பிறகு மகளுக்காகக் கேட்கத் தொடங்கினார். அவள் பேரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டார், அவள் வாசற்படியில் இருக்கிறாள் என்பதையே மறந்துவிட்டவர்போல. எனக்குக் கால் வலித்தது. நிறுத்துங்கள் என்று சொல்லவா முடியும்? ஒருவழியாக ஆமென் சொன்னார்.

நான் கட்டிலைப் பிடித்து எழுந்துவிட்டேன். இவரால் முடியவில்லை. ஒரு பக்கம் சாய்ந்தார், மறு பக்கம் சாய்ந்தார், தரையில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சுவிட்டார். நான் கை கொடுப்பதற்குள் வாசற்படியிலிருந்து காலடி கேட்டது. மகள் வந்து அவர் முன்னால் நின்றாள். கண் சிவந்திருந்தது. கையை நீட்டினாள்.

"எனக்காகக் கேட்டது உங்களுக்குக் கிடைக்கட்டும்பா. எழுந்திருங்க."

இவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கையைப் பிடித்து எழுந்தார். எழுந்து நின்றவர் தொண்டையில் என்னவோ செருமியது. முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். காற்று வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. அச்சு அசல் அண்ணி. இத்தனை வருஷம் அதை எங்கே வைத்திருந்தாரோ! மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியச் சிரித்தார். அவளும் தாங்க முடியாமல் சிரித்தாள்.

"இது எத்தனாவதுங்க?" என்று கேட்டேன்.

அவருக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை.